டி எக்ஸ் என்பவன் யார்?

சர்க்கரைக்கு மாத்திரை, முட்டிக்குத் தைலம் என்று ஆகிவிட்ட நம்ம செட்டு ஆட்களுக்குத்தான் இது புரியும். என் பேத்தியிடம் சொன்னேன். "அந்தப் புத்தகப் பக்கத்தை போட்டோ எடுத்து உங்க அப்பாவுக்குக் காட்டியிருந்தா முடிஞ்சு போச்சு" என்றாள். போட்டோ என்றால் கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று இருந்த காலத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது? அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

பிளஸ் டூ என்று ஒன்று புதிதாக வந்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் முடிந்தால் பியூசிக்குக் காலேஜ் வாசலை மிதிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் அந்த வாசல் வரைக்கும் போவதில்லை. பள்ளிக்கூடத்திலேயே இன்னும் ரெண்டு வருஷம் என்று சொன்னதும், அப்பாமார்களுக்கு மறுக்கத் தோன்றவில்லை. "அதே கட்டடம், அதே மரம், போயிட்டு வரட்டும்" என்று விட்டுவிட்டார்கள். அப்படித்தான் நானும் வரதராஜன்பேட்டையிலிருந்து ஜெயங்கொண்டத்துக்கு பஸ் ஏறினேன். அப்போது அரியலூரும் ஜில்லா இல்லை, பெரம்பலூரும் ஜில்லா இல்லை. எல்லாம் திருச்சிதான். திருச்சியிலிருந்து பார்த்தால் நாங்கள் இருக்கிறோமா என்பதே சந்தேகம்.

அப்பா எங்கள் ஊரில் பாதிரியார்கள் நடத்துகிற சாமியார் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எட்டாவது முடித்து டிரெய்னிங் போய் வந்தவர். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதில் அந்த வட்டாரத்திலேயே பேர் வாங்கியவர். முந்திரிக்கொட்டை வியாபாரிகள் தராசோடு வந்து சண்டை போட்டால்கூட, "வாத்தியாரைக் கூப்பிடு" என்பார்கள். நான் ஒன்றாவது படித்த நாளிலிருந்து என் கணக்கைத் திருத்துவது அவர்தான். சாயங்காலம் கைகால் கழுவி, செபம் சொல்லி முடித்ததும் சிவப்புப் பென்சிலோடு உட்காருவார். சரி என்றால் அவர் போடுகிற கோடு நெல்லிக்கிளை மாதிரி வளைந்து இருக்கும். பத்தாவது வரைக்கும் அந்தக் கோடு இல்லாமல் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை.

பிளஸ் ஒன் போனபிறகு ஒருநாள் என் கணக்கை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "எழுத்து அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பென்சிலை எடுக்கவே இல்லை. அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. இப்போதுதான் அடிக்கடி ஞாபகம் வருகிறது.

எங்கள் கணக்கு சார் பெரம்பலூர்ப் பக்கத்து ஆள். அப்போதுதான் எம்.எஸ்சி. முடித்து வந்த சின்ன வயசுக்காரர். ஒல்லி. கரும்பலகைக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றால் சாக்பீஸ் மட்டும் நகர்வது போல இருக்கும். நுண்கணிதம் என்று எழுதி, "இது மாறிக்கிட்டே இருக்கற விஷயத்தோட கணக்கு" என்றார். "நீங்க வர்ற பஸ் இந்த நொடியில என்ன வேகத்துல போவுதுன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். "டிரைவருக்கு முன்னால முள்ளு இருக்கு சார்."

"கரெக்ட். அது என்ன காட்டும்?"

"எங்க பஸ்ஸுல எப்பவுமே பூஜ்யம்தான் சார் காட்டும்."

வகுப்பே சிரித்தது. உண்மையும் அதுதான். அந்த முள் எந்தக் காலத்திலோ செத்துப்போய், டிரைவர் அதன்மேல் ஒரு மாதா படம் ஒட்டியிருந்தார்.

சார் சொன்னதெல்லாம் எழுதிக்கொண்டேன். வகைக்கெழு, எல்லை, சார்பு. மேலே டி ஒய், நடுவில் ஒரு கோடு, கீழே டி எக்ஸ். மனப்பாடம் செய்தேன். விசுவாசப் பிரமாணம் சொல்கிற மாதிரி நிறுத்தாமல் சொல்வேன். நடுவில் யாராவது கேள்வி கேட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு எழுத்தும் புரியவில்லை. பிளஸ் டூ வந்தும் அதே கதிதான். வகுப்பில் மூன்றே பெண்கள், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே புத்தகம். வாரத்துக்கு ஒரு வீட்டுக்குப் போகும். என்னிடம் இருந்த வாரத்திலும் எனக்குப் புரியவில்லை.

புரிந்தது தெருக்குழாயடியில்.

தை மாசம். முந்திரி பூத்திருந்தது. அந்தப் பூவாசம் உங்களுக்குத் தெரியும்; ஒரு மாதிரி தித்திப்பாக, லேசாகத் தலையைச் சுற்றும். சாயங்காலம் குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் விரல் தடிமனில் ஒரே சீராக விழுந்தது. குடத்தின் அடியில் சடசடவென்று ஏறியது. வயிற்றுப் பக்கம் வந்ததும் சோம்பேறி மாதிரி மெல்ல மெல்ல ஏறியது. கழுத்துக்கு வந்தபோது சத்தம் மாறி, கீச்சென்று உயர்ந்து, என்ன ஏது என்று பார்ப்பதற்குள் ததும்பி என் பாவாடையை நனைத்தது.

தினமும் நனைகிற பாவாடைதான். அன்றைக்குத்தான் யோசித்தேன். விழுகிற தண்ணீர் ஒன்றுதான். ஆனால் ஏறுகிற வேகம் ஒவ்வொரு இடத்திலும் வேறே. வயிற்றில் குறைச்சல், கழுத்தில் ஜாஸ்தி. அட, ஒய் என்றால் உயரம்! எக்ஸ் என்றால் விழுந்த தண்ணீர்! இம்மியளவு தண்ணீர் கூடினால் இம்மியளவு உயரம் எவ்வளவு கூடும்? அதைத்தானே அந்த ஒல்லி மனுஷன் ஒன்றரை வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார்!

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. யாரிடமாவது சொல்ல வேண்டும். குழாயடியில் ஒரு ஆட்டுக்குட்டியைத் தவிர யாரும் இல்லை. செங்கல் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்து, எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில், கிறிஸ்துமசுக்கு அடித்த வெள்ளை இன்னும் பளிச்சென்று இருந்த சுவரில், மேலே டி ஒய், நடுவில் கோடு, கீழே டி எக்ஸ் என்று பெரிசாக எழுதினேன். போதாது என்று தோன்றியது. சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வட்டம் செங்கல் வழுக்கி ஒரு பக்கம் குழிந்துவிட்டது.

குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா. புருஷன் பர்மாவிலிருந்து திரும்பவில்லை என்று எங்களோடே இருந்தவர். கன்னியர் மடத்தில் தையல் கற்றவர். சுற்றுவட்டாரக் கல்யாணத் தலையணை உறைகளெல்லாம் அவர் கையால்தான். உறையின் மூலையில் மேலே பெண்ணின் முதலெழுத்து, நடுவில் ஒரு கொடி, கீழே மாப்பிள்ளையின் முதலெழுத்து, சுற்றி ஒரு இருதயம். அத்தைக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து முழுக்கக் கல்யாணத்தில் கற்றது. அவரைப் பொறுத்தவரை ஒரு எழுத்துக்கு மேல் இன்னொரு எழுத்து இருந்தால் அது ஒரே ஒரு விஷயம்தான்.

என் பேர் ஒய்யில் ஆரம்பிக்கும். அதற்குமேல் பேரைக் கேட்காதீர்கள்.

மறுநாள் காலையில் அத்தை சுவர்முன்னால் நின்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தார்.

"அடியே, குடி முழுகிப் போச்சு. உம் மவ செவுத்துல எழுதி வச்சிருக்கா. மேல ஒய்யி, கீழ எக்ஸு. சுத்தி இருதயம் வேற போட்டிருக்கா!"

"ரெண்டுலயும் முன்னால ஒரு டி இருக்கே அண்ணி?" என்றார் அம்மா.

"டின்னா டியரு. டியர் ஒய்யி, டியர் எக்ஸு. கடுதாசில எழுதுவாங்கல்ல?"

எங்கள் ஊர் கத்தோலிக்கத் தெருக்களில் எக்ஸில் ஆரம்பிக்கிற பேர் ஒன்றே ஒன்றுதான். அர்ச்சிஷ்டவர், அதாவது புனிதர் ஒருவர் பேர். தமிழில் 'ச'வில் சொல்லி இங்கிலீஷில் எக்ஸில் எழுதுவார்கள். வீட்டுக்கு ஒருத்தர் இருந்தார்கள். எங்கள் சித்தப்பாகூட அதே பேர்தான்.

நான் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றார்.

"எக்ஸுங்கறது எவன்டி?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கேள்வி கணக்கு சார் கேட்கிற மாதிரியே இருந்ததால், அவர் சொல்லிக்கொடுத்த பதிலையே சொன்னேன். "எக்ஸ் இன்னதுன்னு கிடையாதும்மா. எதுவா வேணா இருக்கலாம்."

பளாரென்று ஒன்று விழுந்தது. "எவனா வேணா இருக்கலாமா! எவ் வவுத்துல பொறந்தவ பேசற பேச்சாடி இது?"

சாயங்காலம் அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார். அத்தை அவரைக் கையைப் பிடித்துச் சுவர்முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இது என்னம்மா?"

"கணக்குப்பா. வகைக்கெழு."

"அல்ஜீப்ரா எனக்கும் கொஞ்சம் தெரியும். எக்ஸு உண்டு, ஒய்யி உண்டு. சரி. மேல ஒரு டி, கீழ ஒரு டி இருக்கு. மேலயும் கீழயும் ஒண்ணே இருந்தா என்ன செய்யணும்? அஞ்சாவதுலேயே சொல்லிக்கொடுத்திருக்கேன்."

"அடிக்கணும்."

"ஏன் அடிக்கல?"

"அடிக்கக் கூடாதுப்பா."

"ஏன்?"

எனக்குத் தெரியவில்லை. சார் அடிக்கக் கூடாது என்றார், நான் அடிக்கவில்லை.

அப்பா மெதுவாகச் சொன்னார். "கணக்கா இருந்தா டியை அடிச்சிருப்பே. அடிச்சா மிச்சம் என்ன? ஒய்யும் எக்ஸும். நீயும் அவனும்."

"புத்தகத்துல இருக்குப்பா."

"காட்டு."

"இந்த வாரம் உடையார்பாளையத்துப் பொண்ணுகிட்ட இருக்கு. என் நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

"செவுத்துல எழுதின அதே கைதான நோட்டுலயும் எழுதியிருக்கும்" என்றார் அத்தை.

மறுநாளிலிருந்து நான் பஸ் ஏறவில்லை. பரீட்சைக்கு ரெண்டு மாசம்கூட இல்லை. அதைவிட அவசரம் ஒன்று இருந்தது. சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம். கல்யாணம் நடத்த முடியாது. அதற்குள் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாக வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் எக்ஸைக் கண்டுபிடிக்கிற வேலை, எந்தக் கணக்குப் பரீட்சையிலும் நடக்காத வேகத்தில் நடந்தது.

அத்தைதான் தீர்வு சொன்னார். சித்தப்பாவைக் கழித்தார். கல்யாணமானவர்கள், கைக்குழந்தைகள், சிங்கப்பூர் போனவர்களை எல்லாம் கழித்தார். சைக்கிள் கடைக்காரர் மிஞ்சினார். அவருக்கு ஒரு கண் தெரியாது என்று அவரையும் கழித்தார். கடைசியில் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் நின்றார். "கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக்கத்துல எல்லாப் பொண்ணுங்களையும் விட்டுட்டு இவளைத்தான் பார்த்தான். நானே பார்த்தேன்" என்றார்.

பார்த்தது வாஸ்தவம். "அந்த மூணாவது பொண்ணு சுருதி தப்புது, வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று சொல்வதற்காகப் பார்த்தார்.

தெரியாத ஒன்றை எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம் என்பார்கள். எங்கள் வீட்டில் தெரிந்த ஒருத்தரை வைத்துக்கொண்டார்கள்.

நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், அம்மாவிடம் மாதா மேல் சத்தியம் செய்தேன். அம்மா லேசாக நம்ப ஆரம்பித்தார். "ஏங்க, ஒருவேளை அந்த சார்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றார் அப்பாவிடம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இத்தனை வருஷம் கழித்து அந்த முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பையன் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஊரில் எல்லா அப்பாமாருக்கும் தெரியும். மகள் தனக்குத் தெரியாத ஒரு கணக்கைச் செய்கிறாள் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பையன் இருப்பதாக நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆர்மோனியக்காரர் வந்தார். கூடவே அவர் அம்மா, ஒரு மாமா. அவருக்கு முப்பது வயசு நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல மனுஷர். எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். ஒரு பெண் தன் பேரைச் சுவரில் எழுதி இருதயம் போட்டிருக்கிறாள் என்ற செய்தி அவருக்குப் போயிருந்தது. உள்ளே வருவதற்கு முன்னால் பக்கச் சுவரைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அம்மா அதைச் சாணித் தண்ணியால் துடைக்கப் பார்த்து, அது இன்னும் பெரிசாகப் பரவிப்போயிருந்தது.

அத்தை ஏற்கெனவே தலையணை உறையை ஆரம்பித்துவிட்டிருந்தார். சிவப்பு நூலில் ஒய், கொடி, எக்ஸ்.

நான் முறுக்குத் தட்டோடு வந்து நின்றேன். ஆர்மோனியக்காரரின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எம்மவன் வெகுளி. நீதான் எழுதினியாமே?"

முறுக்குத் தட்டைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்ததும் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

"எழுதினது நான்தாங்க. ஆனா எக்ஸு இவங்க இல்ல."

"வேற எக்ஸா?" என்று அத்தை நெஞ்சில் கையை வைத்தார். சித்தப்பா ஏனோ வாசலைப் பார்த்தார்.

"எக்ஸுங்கறது ஆளே இல்ல. அம்மா, வெறுங்குடத்தைக் கொண்டாங்க. ஒரு சொம்பும் ஈர்க்குச்சியும் வேணும்."

அம்மா என்ன நினைத்தாரோ, ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து வந்தார். நடுக்கூடத்தில் குடத்தை வைத்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, ஈர்க்கை உள்ளே விட்டு நனைந்த இடத்தைக் காட்டினேன். இன்னொரு சொம்பு. மறுபடி ஈர்க்கு. வயிற்றுக்கு வந்தபோது ஒரு சொம்புக்கு நகத்தளவுகூட ஏறவில்லை. கழுத்துக்கு வந்தபோது அதே ஒரு சொம்புக்கு நாலு விரல் ஏறியது.

"ஊத்துற தண்ணி எக்ஸு. ஏறுற ஒசரம் ஒய்யி. கொஞ்சூண்டு தண்ணி ஊத்தினா கொஞ்சூண்டு ஒசரம் எவ்ளோ ஏறும்? அதான் டி ஒய் பை டி எக்ஸு. வவுத்துல கம்மி, கழுத்துல ஜாஸ்தி. இதைத்தான் எழுதினேன். வேற ஒண்ணும் இல்ல."

ஆர்மோனியக்காரர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எக்ஸு நான் இல்லியா?"

"இல்லீங்க. எக்ஸு சொம்புத் தண்ணி."

அவர் அம்மா எழுந்துவிட்டார். "எம்புள்ளைய சொம்புத் தண்ணிங்கறா! கேட்டியளா இந்த அநியாயத்தை?"

"இருங்கம்மா" என்றார் ஆர்மோனியக்காரர். அவர் குனிந்து காதைக் குடத்தின் வாயருகே வைத்தார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க." ஊற்றினேன். "சத்தம் ஏறுது கேக்குதா? குடம் நெறைய நெறைய சுருதி ஏறுது. நானும் சின்ன வயசுலேருந்து பாக்கறேன், ஏன்னு தெரியல. இதுக்கும் கணக்கு இருக்கா?"

"இருக்கும்ங்க. நான் இன்னும் படிக்கல."

"படிங்க" என்றார். முகம் கொஞ்சம் தொங்கியிருந்தது. ஆனால் அதைச் சொன்னார். அதற்காக அவரை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் அப்பா தரையில் உட்கார்ந்தார். வேட்டி நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு சொம்புங்கறே. பாதி சொம்பு ஊத்தினா?"

"அதுக்குத் தக்கன ஏறும்ப்பா. பாதி சொம்பு, கால் சொம்பு, ஆழாக்கு, பாலாடை, சொட்டு. சின்னதாக்கிக்கிட்டே போவணும்."

"சொட்டும் இல்லாமப் போனா?"

"அதுதான் எல்லை."

"சொட்டே இல்லன்னா கீழ பூஜ்யம். தண்ணியே ஊத்தலன்னா ஒசரமும் ஏறாது, மேலயும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுக்கறியா?" அப்பா எழுந்தார். எக்ஸ் விவகாரத்தில் வராத கோபம் அப்போது வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "பூஜ்யத்தால வகுக்கக் கூடாதுன்னு எத்தனை புள்ளைங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கேன்! அந்த சார் என்ன நெனச்சுக்கிட்டிருக்காரு? நாளைக்கே வரேன்."

ஆர்மோனியக்காரரின் மாமா, "அப்ப ஓலை வாசிக்கறது?" என்று கேட்டார்.

"ஓலை கெடக்கட்டும்ங்க! இங்க பூஜ்யத்தால வகுத்துக்கிட்டிருக்காங்க!" என்றார் அப்பா.

அவர்கள் முறுக்கைத் தின்றுவிட்டு மரியாதையாகப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை நானும் அப்பாவும் ஒரே பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போனோம். அவர் கோயில் திருவிழாவுக்குப் போடுகிற சலவைச் சட்டை போட்டிருந்தார். கணக்கு சார் அவரைப் பார்த்ததும் யாரோ இன்ஸ்பெக்டர் என்று பயந்து, கையிலிருந்த டீயைக் கீழே வைக்க இடம் தேடினார்.

"சார், டியை ஏன் அடிக்கக் கூடாது?"

"அது பெருக்கல் டி இல்ல சார். அது டி ஒய்னு ஒரே சொல்லு. 'அம்மா'வுல உள்ள 'அ'வையும் 'அப்பா'வுல உள்ள 'அ'வையும் அடிக்க முடியுமா?"

அப்பா தலையாட்டினார். "அது சரி. பூஜ்யத்தால வகுக்கறீங்களாமே?"

"பூஜ்யத்துக்குப் பக்கத்துல போவோம் சார். தொட மாட்டோம்."

"தொடாம விடை எப்படி வருது?"

சார் வேப்பமரத்தைக் காட்டினார். "நீங்க வந்த பஸ்ஸு இந்த மரத்தைத் தாண்டிச்சுல்ல? சரியா மரத்துக்கு நேரா இருந்தப்ப, அது ஓடிச்சா, நின்னுச்சா?"

"ஓடிச்சு."

"அந்தச் சமயத்துல எவ்ளோ நேரம் ஆச்சு?"

"நேரா இருக்கறதுக்கு நேரம் ஏது? பூஜ்யம்."

"எவ்ளோ தூரம் போச்சு?"

"பூஜ்யம்."

"ஆனா ஓடிச்சுங்கறீங்க."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மரத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் அந்த மரத்தைத் தாண்டிப் போனது, அதையும் பார்த்தார். கடைசியில், "யோசிச்சுட்டுச் சொல்றேன் சார்" என்றார். போகும்போது திரும்பி, "அவ பத்து நாள் வரல. விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுத்துருங்க" என்றார்.

அன்றைக்கு அவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு. சாயங்காலம் நான் பஸ் ஏற வந்தபோது பஸ் நிலையத்தில்தான் இருந்தார், பஸ்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டு. இதற்காகவே மறுபடி ஒன்றிரண்டு தடவை சாரைப் பார்க்கப் போனார் என்று பிறகு தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டாரா என்றும் தெரியாது. ஆனால் என் பரீட்சை வரைக்கும் வீட்டில் தண்ணீர் எடுக்கிற வேலை அத்தையுடையது என்று சட்டம் போட்டார்.

அத்தைக்கு அதில் வருத்தம் இல்லை. அவருக்கு வருத்தம் தலையணை உறையில்தான். நல்ல துணி. பாதி வேலை முடிந்துவிட்டது. ஈஸ்டருக்குப் பிறகு ஆர்மோனியக்காரருக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு டீச்சரோடு கல்யாணம் நிச்சயமானதும், ஒய்யை மட்டும் ஊசியால் பிரித்தெடுத்துவிட்டு அங்கே எம் போட்டுக் கொடுத்துவிட்டார். பிரித்த இடத்தில் பொடிப்பொடியாக ஓட்டைகள் தெரிந்தன. கல்யாணப் பாட்டில் என்னையும் நிறுத்தினார்கள். வாயை மட்டும் அசைத்தேன்.

நான் பாஸ் பண்ணினேன். கணக்கில் சாரே ஆச்சரியப்படுகிற அளவுக்கு வாங்கியிருந்தேன். திருச்சியில் கன்னியர் நடத்துகிற காலேஜில் இடம் கிடைத்தது. கணக்குத்தான் எடுத்தேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

என்னைக் கொண்டுபோய் விட அவர்தான் வந்தார். தகரப்பெட்டியை பஸ் மேலே ஏற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் அரியலூரைத் தாண்டியது. சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. ஜன்னல் வழியாக வந்த வெள்ளைப் புழுதி அவர் மீசையில் படிந்திருந்தது.

கல்லக்குடி சிமெண்டு ஆலைப் புகைக்குழாய் தெரிந்தபோது தொண்டையைக் கனைத்தார். என்னைப் பார்க்காமல், முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தொகையீடுன்னு ஒண்ணு இருக்காமே. அது என்னம்மா?"

பதினேழு வயசு வரைக்கும் அவர் என்னைக் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒன்றுக்குத் தெரியாது. சொல்ல ஆரம்பித்தேன். களத்தில் குவித்த நெல்லை மெல்லிய தட்டுத் தட்டாக நறுக்கிக் கூட்டுவது என்றேன். நாட்டு ஓடு வேய்ந்த கூரையின் வளைவுக்குக் கீழே எவ்வளவு இடம் என்று அளப்பது என்றேன். பெட்டிச் சாவியால் என் மடியில் அந்த வளைவை வரைந்து காட்டினேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, முதல் பெஞ்சுப் பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். புள்ளம்பாடி போனது. நான் சொல்லிக்கொண்டே போனேன். இன்றைக்கு இத்தனை வருஷம் வகுப்பெடுத்து ஓய்ந்தபிறகும் சொல்கிறேன், அதைவிட நன்றாக நான் தொகையீடு நடத்தியதில்லை.

லால்குடி வரும்போது திரும்பிப் பார்த்தேன். கை கட்டியது கட்டியபடி, வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நிறுத்தினேன். சத்தம் நின்றதும் சட்டென்று முழித்துக்கொண்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, "ம், கேக்கறேன், சொல்லு. எங்க விட்டே?" என்றார்.

"மொதல்லேருந்து சொல்றேன்ப்பா" என்றேன்.